தீர்ப்பில் இருந்தது ஒரே பெயர்

பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு, என் அனுபவத்திலிருந்து நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. கோபம் இன்னும் தணியவில்லை. அதில் பாதி எனக்கு மேலே இருந்தவர்கள் மீது, பாதி என் மீது. எழுதித் தருகிறேன், படிக்கக் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் உங்கள் இஷ்டம் என்று கேட்டவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

படிவத்தை எப்படிச் சரிபார்ப்பது, கணினியில் எங்கே எதைத் தட்டுவது என்பதெல்லாம் ஒரு வாரத்தில் உங்களுக்குப் பழகிவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது தேவகியைப் பற்றி.

பாடாங் செராய் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் தேவகி ஆறு வருடம் தற்காலிக ஆசிரியராக இருந்தவர். அப்பா முன்பு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், பிறகு கூலிம் தொழிற்சாலை ஒன்றில் காவல்காரர். தேவகி வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கியிருந்தார். ஆசிரியர் பயிற்சி டிப்ளோமா முடித்தால்தான் நிரந்தர வேலைக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்காக எங்கள் சேர்க்கை முகப்புக்கு வந்தார். முப்பத்திரண்டு வயது. சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

"மேடம், ஃபாரம் அனுப்பறதுக்கு முன்னாடியே ஒன்னு கேட்டுடறேன். எஸ்பிஎம்ல எனக்குச் சரித்திரம் ஃபெயிலு. நாளைக்கு யாராச்சும் வந்து இத எடுத்துப் பேசுவாங்களா?"

பார்த்தேன். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் வரலாறு கட்டாயம் தேற வேண்டும் என்ற விதி வந்தது பிற்பாடு. தேவகி தேர்வு எழுதிய காலத்தில் அந்த விதியே இல்லை. அவர் சேர வந்த ஆண்டு மாணவர்களுக்கு எங்கள் பல்கலைக்கழகம் அச்சடித்துக் கொடுத்த கையேட்டிலும் வரலாறு பற்றி ஒரு வரி கிடையாது. பட்டம் வேண்டும், மலாய் மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும், தமிழில் நல்ல தேர்ச்சி வேண்டும். மூன்றும் அவரிடம் இருந்தன.

"நீங்க எழுதுன வருசத்துக்கு அது கட்டாயம் இல்லம்மா. எங்க புக்குலயும் இல்ல. தைரியமா போடுங்க" என்று கையேட்டைக் காட்டினேன்.

"வேலய விட்டுட்டு வரணும் மேடம். அதான் ரெண்டு தடவ கேக்கறேன்."

"நான்தானே சொல்றேன்."

சரியாகத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அதனால்தான் அதற்குப் பிறகு நான் செய்ததற்குச் சாக்கு எதுவும் கிடையாது.

தேவகிக்கு இடம் கிடைத்தது. தற்காலிக வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். முக்கால்வாசிப் படிப்பு முடிந்துவிட்டது. பிராக்டிகம், அதாவது பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பெடுத்துக் காட்டும் பயிற்சி, அது தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது தலைமை வளாகத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. அங்கே யாரோ மாணவர்களின் தகுதியை மறுபடி சரிபார்த்திருக்கிறார்கள். புது விதியை எடுத்து, எந்த வருடம் தேர்வு எழுதியவர் என்று பார்க்காமல் எல்லாருக்கும் பொருத்தியிருக்கிறார்கள். எங்கள் கிளையின் தமிழ்ப் பிரிவில் நான்கு பேருக்குத் தகுதி இல்லை என்று வந்தது.

எங்கள் துணைப் பதிவாளரும் தமிழர்தான். என்னைவிடப் பத்து வயது இளையவர். மற்ற நேரத்தில் என்னை மேடம் என்பார். ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் அக்கா என்பார். பட்டியலை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போய், இது தப்பு, இந்த விதி இவர்களுக்குப் பொருந்தாது என்று சொன்னேன்.

"மேலேருந்து வந்த லிஸ்ட்டுக்கா. நம்ம என்னா பண்ண முடியும்?"

"ஒரு சூராட் எழுதலாமே. வருசத்த பாருங்கன்னு நாலு வரி."

"எழுதுனா நம்ம ஏன் முதல்ல எடுத்தோம்னு திருப்பிக் கேப்பாங்க. வேணாம்லா."

நான் வெளியே வந்துவிட்டேன். நான்கு வரிக் கடிதம் எழுத எனக்கு அவர் அனுமதி தேவையே இல்லை. என் பெயரில் எழுதி அனுப்பியிருக்கலாம். எழுதவில்லை. நான்கு பேருக்கும் பதிவு ரத்துக் கடிதம் போனது. இரண்டே பத்தி. உங்கள் பக்கம் என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் தேவகி முகப்புக்கு வந்து நின்றார். வரிசையில் பத்துப் பேர் இருந்தார்கள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"இது மேலிடத்து முடிவும்மா."

"மேலிடம்னா யாரு மேடம்? பேரச் சொல்லுங்க, நான் போய்க் கேட்டுக்கறேன்."

சொல்ல எனக்கு ஒரு பெயரும் தெரியாது. நீங்களும் ஒருநாள் அந்த வார்த்தையைச் சொல்வீர்கள். நாக்கு நுனியில் தயாராக இருக்கும். மேலிடம் என்று சொல்லும்போது உங்கள் கண்ணுக்கு முன்னால் ஒரு முகமும் வரவில்லை என்றால் வாயை மூடிக்கொள்ளுங்கள். யார் முடிவு செய்தார்கள் என்று தெரியாமல் ஒரு முடிவை அறிவிப்பதற்கு முகப்பில் ஆள் தேவையில்லை, ஒரு தாளை ஒட்டி வைத்தால் போதும்.

தேவகி சுங்கை பட்டாணியில் ஒரு வழக்கறிஞரைப் பிடித்தார். கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் சின்ன அலுவலகம். இப்படிப்பட்ட முடிவை எதிர்த்து நீதிமன்றம் போவதென்றால் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும், தாண்டினால் கதவு அடைத்துவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். பத்து நாள் மிச்சம் இருக்கும்போது வழக்குப் பதிவானது.

இனித்தான் என் கதை.

இந்த மாதிரி வழக்கில் யாரும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வதில்லை. அவரவர் தரப்பைச் சத்தியம் செய்து எழுத்தில் கொடுப்பார்கள். பல்கலைக்கழகத்தின் சார்பில் அந்தச் சத்திய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். சேர்க்கையைக் கவனித்தது நான் என்பதால் அது முறைதான். பினாங்கிலிருந்து எங்கள் வழக்கறிஞர் அலுவலகத்தின் இளம் வழக்கறிஞர் ஒருவர் வந்தார். கையில் தடித்த கட்டு, எல்லாம் மலாயில். அன்று மாலைக்குள் தாக்கல் செய்தாக வேண்டுமாம். காரை அணைக்காமலே என்னை ஏற்றிக்கொண்டு கூலிமுக்கு விட்டார். வழியில் படித்துக்கொள்ளலாம் என்றார். எனக்குக் காரில் படித்தால் தலை சுற்றும். முதல் இரண்டு பக்கம் புரட்டினேன். என் பெயர், பதவி, எத்தனை வருடமாக வேலை செய்கிறேன் என்பது. எல்லாம் சரியாக இருந்தது. கட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

கூலிமில் கடை வரிசையில் சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவர் இருந்தார். வயதான தமிழ் முஸ்லிம். மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"முழுக்கப் படிச்சீங்களாம்மா?"

"படிச்சேன்."

"இதுல உள்ளதெல்லாம் உண்மதானே?"

"உண்மதான்."

முத்திரை குத்தினார். முப்பது வருடம் அடுத்தவர் படிவத்தில் விட்டுப்போன ஒரு புள்ளியைக்கூட விடாமல் பிடித்தவள் நான். அடையாள அட்டை நகலில் எண் மங்கலாக இருக்கிறது என்று பிள்ளைகளைப் பெண்டாங், பாலிங் என்று தூர ஊர்களுக்குத் திருப்பி அனுப்பியவள். என் சொந்தக் கையெழுத்துக்கு முன்னால் அந்தக் கட்டை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அந்தப் பெரியவரிடம் சொன்ன இரண்டு பதிலும் பொய்.

இரண்டு வாரம் கழித்து தேவகி என் கைப்பேசிக்கு அழைத்தார்.

"மேடம், நீங்க கோர்ட்டுக்குக் குடுத்தது எங்களுக்கு வந்துச்சு. பதினாலாவது பத்தி. நான் ஃபாரம் போட வந்தப்பவே சரித்திரம் தேறணும்னு நீங்க சொன்னீங்களாம். தெரிஞ்சேதான் நான் சேந்தேனாம். ஒன்னே ஒன்னு சொல்லுங்க. நீங்க எங்கிட்ட சொன்னது உண்மயா, கோர்ட்டுல சொன்னது உண்மயா?"

"நான் பாத்துட்டுக் கூப்புடறேம்மா."

"பாக்கறதுக்கு என்னா இருக்கு மேடம், நீங்க எழுதுனது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

என் நகலை எடுத்துப் பதினாலாவது பத்தியைப் படித்தேன். அவர் சொன்னபடியே இருந்தது. பின்னிணைப்பில் எங்கள் கையேட்டின் ஒரு பிரதி. அதில் வரலாறு தேற வேண்டும் என்ற வரி அழகாக நின்றது. அது தேவகி சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு மாற்றி எழுதிய கையேடு. தேவகிக்கு நான் காட்டிய அச்சுப் புத்தகம் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. என் வாயில் இல்லாத வார்த்தையை வைத்து, என்னை விட்டே அதற்குச் சத்தியம் செய்ய வைத்திருக்கிறார்கள். நானும் காரில் தலை சுற்றும் என்று சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு துணைப் பதிவாளர் அறைக்குப் போனேன்.

"பதினாலாவது பத்திய யாரு எழுதுனது?"

"லாயர் எழுதுனாங்க. நான் நோட்ஸ் குடுத்தேன்."

"நான் அந்தப் பொண்ணுகிட்ட அப்படிச் சொல்லல. நேர் எதுத்தாப்புல சொன்னேன்."

"கவுண்டர்ல சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன். சரி விடுங்கக்கா. ஒரு பத்திதானே. நீங்களும் சைன் போட்டுட்டீங்க."

"அத மாத்தணும்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"லெட்சுமி அக்கா, நீங்க ரிட்டையர் ஆக ஒரு வருசம் இருக்கா? சத்தியம் பண்ணிட்டு இப்ப பொய்னு சொன்னா மாட்டப்போறது நானில்ல, நீங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதில் ஒரு பகுதி உண்மை. மாட்டப்போவது நான்தான். கையெழுத்து என்னுடையது. அந்த ஒரு நிமிடம் அவர் சொன்னபடி விட்டுவிடலாமா என்று நானும் யோசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. பிறகு அவர் மேசையிலிருந்த என் புத்தகத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். "இது இங்கயே இருக்கட்டும்" என்றார். நான் திருப்பி இழுத்துக்கொண்டேன். அந்த இழுவைதான் என்னை முடிவெடுக்க வைத்தது. வேறு பெரிய தர்ம நியாயம் எதுவும் அப்போது மனதில் ஓடவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் பஸ் ஏறினேன். எங்கள் வழக்கை நடத்திய மூத்த வழக்கறிஞர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. முன்கூட்டிச் சொல்லாமல் வந்ததால் ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார். உள்ளே போய் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், பதினாலாவது பத்தி பொய், பின்னிணைப்பு தப்பான வருடத்துப் புத்தகம், சரியான புத்தகம் இதோ. எழுதிக்கொண்டிருந்த பேனாவை அவர் கீழே வைத்துவிட்டார்.

"இதை என்னிடம் சொன்ன பிறகு, அந்த வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு நான் நீதிபதி முன்னால் நிற்க முடியாது. உங்களுக்குப் புரிகிறதா?" என்றார்.

"அதற்காகத்தான் வந்தேன்."

"உங்கள் அலுவலகம் ஒத்துக்கொள்ளாது."

"அப்படியென்றால் நான் சுங்கை பட்டாணிக்குப் போய் அவர்கள் வழக்கறிஞரிடம் எழுதிக் கொடுத்துவிடுவேன்."

அவர் அந்த இளம் வழக்கறிஞரைக் கூப்பிட்டு, ஏற்கெனவே கொடுத்ததைத் திருத்தி இன்னொரு வாக்குமூலம் தயாரிக்கச் சொன்னார். அந்த இளைஞரிடம் வேறென்ன சொன்னார் என்று தெரியாது. வெளியே வந்தபோது இளைஞரின் முகம் சிவந்திருந்தது. இந்தத் தடவை நான் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒரு தேதி தப்பாக இருந்தது, திருத்தச் சொன்னேன். அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கையெழுத்துப் போட்டு அதைத் தாக்கல் செய்ததன் விளைவு உடனே வந்தது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு எனக்கு ஒரு கடிதம். பதில் கொடுத்தேன். கண்டிப்போடு விட்டார்கள். சேர்க்கைப் பிரிவிலிருந்து மாற்றி, பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்கு அனுப்பினார்கள். கடைசி ஒரு வருடம் அங்கேதான் கழிந்தது. முகப்பில் என்னோடு பதினைந்து வருடம் உட்கார்ந்தவர்கள் சிற்றுண்டிச் சாலையில் வேறு மேசை பார்த்துப் போனார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டா என்றால் உண்டு. இல்லை என்று சொல்வதற்கு எனக்குப் பெருந்தன்மை போதாது.

அலோர் ஸ்டார் நீதிமன்றத்தில் விசாரணை நடந்த அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் வாதாடினார்கள். நீதிபதி கடைசியில் எங்கள் வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேட்டார். பதிவை ரத்து செய்வதற்கு முன்னால் இந்த மாணவரிடம் யாராவது எதையாவது கேட்டார்களா? இல்லை என்று பதில் வந்தது. தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. ரத்து செல்லாது. அந்த விதி தேவகிக்குப் பொருந்தாது, பொருந்தினாலும் அவரை விசாரிக்காமல் வெளியே அனுப்பியது தவறு.

ரத்துக் கடிதத்திலிருந்து அதுவரை ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அந்த ஒன்றரை வருடம் தேவகி பாடாங் செராயில் ஒரு துணிக்கடையில் நின்றார். பள்ளியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதால் தற்காலிக வேலைகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு வந்து பிராக்டிகம் முடித்தார். இப்போது நிரந்தர ஆசிரியர்.

தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் என்னிடம் வந்தார். அவருடைய அப்பாவும் கூட இருந்தார்.

"தேங்ஸ் சொல்லணும்னு அப்பா சொல்றாரு மேடம். எனக்கு வரல" என்றார்.

"வேணாம்மா."

"ரெண்டாவது எழுதிக் குடுத்தீங்க, சரி. மொத லெட்டர் வந்தப்பவே நாலு வரி எழுதியிருந்தா நான் கோர்ட்டுக்கே வந்திருக்க வேணாம்."

அவருக்கு அந்த நாலு வரிக் கதை தெரியாது. தானாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் அப்பா மட்டும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டு நின்றது, தேவகி சொன்னதைவிட மோசமாக இருந்தது.

இதோடு கதை முடிந்தது என்று எங்கள் அலுவலகம் நினைத்தது. பட்டியலில் நான்கு பேர் இருந்தார்கள் என்று மேலே சொன்னேன். மற்ற மூன்று பேரும் வழக்குப் போடவில்லை. அதே விதி, அதே தப்பு, அதே இரண்டு பத்திக் கடிதம். அவர்களையும் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று கோப்பறையிலிருந்து கடிதம் எழுதினேன். பதில் இல்லாததால் நேரில் போனேன். துணைப் பதிவாளர் இந்தத் தடவை என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

"கோர்ட் ஆர்டர்ல ஒரு பேருதான் இருக்கு மேடம். மத்தவங்க யாரும் கேக்கலையே."

கேட்கவில்லையாம். ஒருவருடைய படிப்பைத் தப்பாகப் பிடுங்கிக்கொண்டு, அவர் கேட்கவில்லை, அதனால் எனக்கே இருக்கட்டும் என்று ஒரு பல்கலைக்கழகம் சொல்கிறது. ஆசிரியர்களை உருவாக்குகிற பல்கலைக்கழகம்.

ஓய்வு பெற்ற பிறகு அந்த மூன்று பேரையும் தேடினேன். ஒருவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஒரு பெண், என் பெயரைக் கேட்டதும் அழைப்பைத் துண்டித்தார். மூன்றாமவர் சுகுமாரன். கரங்கான் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை நிறுத்து வாங்கும் இடத்தில் எடை பார்ப்பவராக இருந்தார். நேரில் போனேன். லாரிகள் வரிசையில் நின்றன. ஒன்றை அனுப்பிவிட்டு வந்து ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தேவகியின் தீர்ப்பைச் சொன்னேன். நகல் கொண்டுபோயிருந்தேன். நின்றபடியே முழுவதும் படித்தார்.

"இப்ப நான் கேஸ் போடலாமா மேடம்?"

"மூனு மாசம் எப்பவோ முடிஞ்சிருச்சு தம்பி. ஆனா இத வச்சு யூனிவர்சிட்டிக்கு எழுதலாம். நான் கூட நின்னு எழுதறேன்."

எழுதினோம். விவகாரம் முடிந்துவிட்டது என்று ஒரு வரிப் பதில் வந்தது. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலிடத்தில் யார் யார் என்று பெயர் பெயராகக் கண்டுபிடித்து எழுதுகிறேன். என் கடிதங்கள் அவர்கள் மேசையில் இருப்பது உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து அடியில் தள்ளாதீர்கள்.

அன்று கரங்கானில் நான் கிளம்பும்போது சுகுமாரன் ஒன்று சொன்னார். குத்திக்காட்டுவது போலவே இல்லை. ஞாபகம் வந்ததைச் சொல்வது போலச் சொன்னார்.

"அந்த லெட்டர் வந்த அன்னிக்கே உங்களுக்குப் போன் பண்ணேன் மேடம். அப்பீல் பண்ணலாமான்னு கேட்டேன். நீங்க, வேணாம் தம்பி, வீண் அலைச்சல்னு சொன்னீங்க. ஆபீஸ்ல உள்ளவங்க சொல்றாங்களேன்னு விட்டுட்டேன்."

எனக்கு அப்படி ஒரு அழைப்பு நினைவில் இல்லை என்றேன். கரங்கானிலிருந்து வீடு வருவதற்குள் நினைவுக்கு வந்துவிட்டது. இளம் குரல். அப்பீல் பண்ணலாமா மேடம் என்று ஒரே ஒரு கேள்வி. தப்பான பட்டியல் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யோசிக்க இரண்டு நொடிகூட நான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது மணி பன்னிரண்டே முக்கால், எனக்குப் பசித்தது.